மலைப்பாதையில் வரும் மஞ்சள்-கறுப்பு ரோல்ஸ் ராய்ஸ்: எந்த மாடல்?

தேனிக்காரன்:
நண்பர்களே, வாட்ஸாப்பில் ஒரு படத்துண்டு வந்தது. ஒலி இல்லை, அரை நிமிடம்கூட ஓடாது. வெறும் பாறையும் புல்லுமாக உயரமான மலை, அதில் கொண்டை ஊசி வளைவுகள், மஞ்சளும் கறுப்புமாக ஒரு பெரிய பழைய கார் ஏறி வருகிறது. ஓட்டுபவர் கறுப்புத் தொப்பி போட்ட கட்டுமஸ்தான ஆள். பின்சீட்டில் பருத்த உருவம் ஒன்று. முகப்பில் உயரமான வெள்ளி நிறக் கிரில், அதன் மேல் முன்னால் சாய்ந்த பெண் சிலை. ரோல்ஸ் ராய்ஸ் என்பது வரை எனக்கே தெரிகிறது. நம்பர் பிளேட் ஏயூ 1. எங்கள் குழுவில் ஒருவர் இது 1920களின் வண்டி என்கிறார், இன்னொருவர் 1950கள் என்று அடித்துச் சொல்கிறார். என்ன படம், என்ன வண்டி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய கார்ப் படங்களைத் தொகுத்து வைக்கிறேன், தவறான குறிப்பு எழுதிவிடக் கூடாது.

கோடைக்காற்று:
படத்தை நம்பர் பிளேட்டே சொல்லிவிடுகிறது. 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’. ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாக நடித்த மூன்றாவது படம். தங்கத்துக்கு வேதியியல் குறியீடு ஏயூ, வில்லன் தங்கப் பைத்தியம், அதனால்தான் அந்த எண். மலைப்பாதை சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாய், உயரம் 2,400 மீட்டருக்கு மேல். பின்சீட்டில் இருப்பவர் வில்லனாக நடித்த ஜெர்மன் நடிகர் கெர்ட் ஃப்ரோபே. தொப்பிக்காரர் ஹரோல்ட் சகாடா, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். வண்டி விவரம் சொல்ல இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வைகைக்கரை:
வண்டி ஃபேண்டம் II. பாடி பார்க்கர் கம்பெனி கட்டியது, ‘செடான்கா டி வில்’ வகை. இதே மஞ்சள்-கறுப்பு வண்டியை மையமாக வைத்து ஒரு முழுப் படமே உண்டு, ‘தி யெல்லோ ரோல்ஸ் ராய்ஸ்’. ரெக்ஸ் ஹாரிசன், இங்கிரிட் பெர்க்மன், ஓமர் ஷெரீஃப் எல்லோரும் நடித்தது. ஒரே கார் மூன்று முதலாளிகளிடம் போகும் மூன்று கதைகள். அதுவும் 1964தான். அந்த வண்டியைத்தான் பாண்ட் படத்துக்கும் வாங்கியிருப்பார்கள்.

பழவண்டிப்பித்தன்:
வைகைக்கரை சார் சொல்லும் படத்தில் வருவது ஃபேண்டம் II என்பது சரி. ஆனால் தேனித் தம்பி கேட்பது வேறு வண்டி. இரண்டும் ஒரே ஆண்டில் திரைக்கு வந்தவை, இரண்டும் மஞ்சள்-கறுப்பு, இரண்டுக்கும் பாடி கட்டியது பார்க்கர், இரண்டுமே செடான்கா டி வில். குழப்பம் வருவது இயற்கை, பல இணையதளங்களிலும் ஒன்றின் படத்தைப் போட்டு மற்றதன் பெயரை எழுதியிருப்பார்கள். ‘கோல்ட்ஃபிங்கர்’ வண்டி 1937ஆம் ஆண்டு ஃபேண்டம் III. சேஸ் எண் 3பியூ168.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று விவரமாகவே சொல்கிறேன். பழைய ரோல்ஸைப் பார்க்கும்போது பலரும் பாடியைப் பார்த்து மாடல் சொல்லப் போகிறார்கள். அங்கேதான் வழி தவறுகிறது. அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் கார் விற்கவில்லை. என்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்கள், ரேடியேட்டர், பானட் வரை பூட்டிய சேஸ் மட்டும்தான் அவர்களுடையது. வாங்குபவர் அதைப் பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு, எச்.ஜே. மல்லினர் என்று தனக்குப் பிடித்த பட்டறைக்கு அனுப்பிப் பாடி கட்டிக்கொள்வார். நம் ஊரில் லேலண்ட் சேஸ் கரூருக்குப் போய் பஸ்ஸாகி வருகிறதே, அதே ஏற்பாடுதான். ஆகவே ‘இது என்ன வண்டி’ என்ற கேள்விக்கு இரண்டு பதில் வேண்டும்: சேஸ் எது, பாடி யாருடையது. ஒரே சேஸ் மேல் நாலு பட்டறை நாலு விதமாகக் கட்டியிருக்கும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி பயன்படுத்திய ஃபேண்டம் III ஒன்றைப் பாருங்கள். மல்லினர் கட்டியது. முன்கண்ணாடி தலைகீழாக, மேல் விளிம்பு முன்னால் வரும்படி சாய்ந்திருக்கும். கோல்ட்ஃபிங்கர் வண்டி பக்கத்தில் அதை நிறுத்தினால் இரண்டும் ஒரே மாடல் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் கண் போக வேண்டிய இடம் முன்சக்கரம். வண்டி பக்கவாட்டில் தெரியும் காட்சியை நிறுத்திக்கொண்டு, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். ஃபேண்டம் II-இல் ரேடியேட்டர் அந்தக் கோட்டை ஒட்டியோ கொஞ்சம் பின்னாலோ நிற்கும். ஃபேண்டம் III-இல் ரேடியேட்டர் கோட்டைத் தாண்டி நன்றாக முன்னால் வந்திருக்கும், முன்சக்கரம் அதற்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்.

காரணம் இதுதான். ஃபேண்டம் II-இல் ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் இருக்கும் 7,668 சிசி என்ஜின். முன்னால் குறுக்கே ஒரே இரும்பு ஆக்ஸில், அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங். நீளமான என்ஜின் ஆக்ஸிலுக்குப் பின்னால்தான் உட்கார முடியும். ஆகவே பானட் நீண்டு, பயணிகள் இடம் பின்னால் தள்ளப்பட்டது. ஃபேண்டம் III-இல் குறுக்கு ஆக்ஸிலே கிடையாது. இரண்டு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங். என்ஜினும் வி வடிவில் பன்னிரண்டு சிலிண்டர், நீளம் குறைவு. ஆகவே என்ஜினையும் ரேடியேட்டரையும் முன்னால் நகர்த்த முடிந்தது. வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம், ஃபேண்டம் II-இல் 144, 150 அங்குலம் என்று இருந்தது, III-இல் 142 அங்குலம்தான். ஆனாலும் உள்ளே ஆள் உட்காரும் இடம் தாராளம்.

நேர் முன்னாலிருந்து பார்க்கும் காட்சி கிடைத்தால் இன்னும் சுலபம். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கு ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும் கண்ணில் பட்டால் அது II அல்லது அதற்கும் முந்தையது.

தேனிக்காரன்:
அண்ணா, மிக்க நன்றி. துண்டை நிறுத்திப் பார்த்தேன். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தெளிவாகத் தெரிகிறது, ரேடியேட்டர் சக்கர மையத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம். 1950கள் என்று சொன்ன நண்பர் இப்போது ‘ஃபேண்டம் IV ஆக இருக்கலாம், இல்லையென்றால் சில்வர் ரெய்த்’ என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பழவண்டிப்பித்தன்:
ஃபேண்டம் IV மொத்தமே 18 வண்டிதான் கட்டினார்கள் தம்பி. அரச குடும்பங்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டும். அதைக் கதவைக் கழற்றித் தங்கம் கடத்தும் வில்லனுக்குக் கொடுக்க யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். சில்வர் ரெய்த் 1946இல் வந்தது, ஆறு சிலிண்டர், முதலில் வந்த வீல்பேஸ் 127 அங்குலம். ஃபேண்டம் III பக்கத்தில் அது ஒரு சுற்று சிறிய வண்டி. சில்வர் ரெய்த்தில் பிந்திக் கட்டிய பாடிகளில் ஹெட்லைட் மட்கார்டுக்குள் இறங்கிவிடும். உங்கள் துண்டில் இரண்டு பெரிய ஹெட்லைட்டும் ரேடியேட்டருக்கு இருபுறமும் தனியாக நிற்கின்றன, பாருங்கள்.

இன்னொரு கணக்கும் அவரிடம் சொல்லுங்கள். பார்க்கர் 1710இல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த பட்டறை. 1938இல் நொடித்துப்போய் ஹூப்பரிடம் கை மாறியது. ஆகவே பார்க்கர் பாடி என்று உறுதியானால் 1950கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வண்டி 1937, அதாவது பார்க்கரின் கடைசிக் காலக் கைவேலை. மட்கார்டின் வளைவு முன்னாலிருந்து, கதவுக்குக் கீழே கால் வைக்கும் ரன்னிங் போர்டு வரை ஒரே ஓட்டமாக இறங்குவதைப் பாருங்கள், எங்கேயும் தட்டையாக உடைவதில்லை.

நாவல்வாசி:
கதையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். இயான் ஃப்ளெமிங் எழுதி 1959இல் வந்த நாவலில் வில்லன் வைத்திருப்பது சில்வர் கோஸ்ட், இன்னும் பழைய வண்டி. படத்துக்கு மாற்றிவிட்டார்கள். குழுவில் 1920கள் என்று சொன்னவர் நாவலைப் படித்தவராக இருக்கலாம். என்னைக் கேட்டால் மாற்றியது நல்லதாகப் போயிற்று. சில்வர் கோஸ்ட் கம்பீரமானதுதான், ஆனால் 1964இல் அந்த மலையில் அது ஏறினால் அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து வந்தது போல் தெரிந்திருக்கும். ஃபேண்டம் III பணக்காரன் தினமும் பயன்படுத்தும் வண்டி என்றே நம்ப முடிகிறது.

செடான்கா டி வில் என்றால் என்ன என்று யாராவது விளக்குங்களேன். பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கோடைக்காற்று:
முதலாளி உட்காரும் பின்பகுதிக்கு நிரந்தரக் கூரை, ஓட்டுநர் தலைக்கு மேல் மட்டும் திறக்கக்கூடிய கூரை. நடுவில் கண்ணாடித் தடுப்பு. நல்ல வெயிலில் ஓட்டுநர் பகுதியைத் திறந்து வைப்பார்கள். குதிரை வண்டியில் வண்டிக்காரன் வெளியே உட்கார்ந்த காலத்தின் மிச்சம் அது. அதனால்தான் அந்தத் தொப்பி அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது.

லேத்துப்பட்டறை:
பாடியைப் பற்றியே பேசுகிறீர்கள், பானட்டைத் திறந்து பார்ப்போம். இந்த என்ஜின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி ராய்ஸ் கடைசியாகக் கை வைத்த வண்டி இதுதான். 1933 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார், வண்டி 1935 கடைசியில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அந்தக் கம்பெனி அப்போது விமான என்ஜின்களில் மூழ்கியிருந்த காலம், அந்த அனுபவம் முழுவதும் இதில் இறங்கியிருக்கிறது. அலுமினியக் கலவையில் வார்த்த 7.3 லிட்டர் வி12, உள்ளே தண்ணீர் நேராகத் தொடும் இரும்பு லைனர். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக மொத்தம் 24 பிளக். அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு காயில், இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர். ஒரு பக்கம் பழுதானாலும் மற்ற பக்கத்தில் வண்டி வீடு வந்து சேரும். பெட்ரோல் பம்ப்பும் இரண்டு.

ஓட்டுநர் வசதியை எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். சேஸில் கிரீஸ் வைக்க வேண்டிய மூட்டுகளுக்கெல்லாம் மெல்லிய குழாய் ஓடும். உள்ளே ஒரு பெடலை மிதித்தால் போதும், எல்லா மூட்டுக்கும் எண்ணெய் போய்விடும், யாரும் கீழே படுக்க வேண்டியதில்லை. ஹைட்ராலிக் ஜாக்கி வண்டியோடு சேர்ந்தே வரும், டயர் மாற்ற உள்ளேயிருந்து பம்ப் அடித்தால் வண்டி எழும். ஸ்டீயரிங் நடுவில் ஒரு சின்ன லீவர், அதைத் தள்ளி ஷாக் அப்சார்பரை இறுக்கலாம், தளர்த்தலாம். 1930களில் இதெல்லாம்!

ஆனால் வாங்கியவர்கள் பட்ட பாடும் உண்டு. ஆரம்ப வண்டிகளில், வால்வைத் தள்ளும் டேப்பெட்டை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையாக வைத்தார்கள். சத்தமே வரக் கூடாது என்பது நோக்கம். உள்ளே போகும் எண்ணெய் வழி ஊசிமுனை அளவு. அன்றைய எண்ணெயில் படியும் கசடு அந்த வழியை அடைத்துவிடும். அடைத்தால் டேப்பெட் வேலை செய்யாது, வால்வும் கேமும் அடி வாங்கும். சத்தம் வரக் கூடாது என்று வைத்ததே சத்தத்துக்குக் காரணமாயிற்று. 1938இல் கம்பெனி சாதாரண டேப்பெட்டுக்கே மாறியது, பழைய வண்டிகள் பலவற்றிலும் மாற்றிக்கொண்டார்கள். அடுத்தது என்ஜினின் மேல்மூடியான அலுமினியத் தலை (ஹெட்). தண்ணீரில் சரியான மருந்து கலக்காமல் வருடக்கணக்கில் நிற்க விட்டால் உள்ளேயே அரித்துவிடும். இதற்குப் புது ஹெட் செய்வது என்றால் சொத்தை விற்க வேண்டும். எழுநூற்றுச் சொச்சம் சேஸ்தான் 1936 முதல் 1939 வரை கட்டினார்கள். அதில் பல இன்றும் ஓடுகின்றன என்றால், வைத்திருப்பவர்கள் எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று புரியும்.

படத்தில் ஃபுர்கா மேலே ஏறும்போது வண்டி திணறுவதாகத் தெரியவே இல்லை, கவனித்தீர்களா? வெறும் சேஸே 1,800 கிலோவுக்கு மேல். பாடியும் ஆட்களும் சேர்த்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். அப்போதே 27 வயதான வண்டி.

கணக்கு_வாத்தியார்:
இரண்டரை டன் என்றதும் ஒரு கேள்வி. கதைப்படி அந்த வண்டியின் பாடித் தகடே 18 காரட் தங்கம், அப்படித்தான் நாடு விட்டு நாடு கடத்துகிறான். அப்படியானால் எடை என்ன ஆகும்?

பார்க்கர் மாதிரிப் பட்டறைகள் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடிப்பார்கள். வெளித் தகட்டின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 12 லிட்டர். அலுமினியம் என்றால் லிட்டருக்கு 2.7 கிலோ, ஆக 32 கிலோ. 18 காரட் தங்கம் லிட்டருக்குச் சுமார் 15.5 கிலோ, ஆக 186 கிலோ. கூடுவது 154 கிலோதான், அதாவது இரண்டு ஆள் எடை. லேத்து அண்ணன் சொன்ன என்ஜின் அதைப் பொருட்படுத்தாது. சுங்கத்தில் எடை போட்டாலும் கனமான வண்டி என்று விட்டுவிடுவார்கள்.

18 காரட் என்றால் நாலில் மூன்று பங்கு தங்கம். 186 கிலோவில் சுத்தத் தங்கம் சுமார் 140 கிலோ. அன்றைக்கு அதிகாரப்பூர்வ விலை ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு (சுமார் 31 கிராம்) 35 டாலர். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்குச் சுமார் 1,57,000 டாலர். 1964இல் அது பெரிய பணம். ஆனால் 18 காரட் தங்கத் தகடு மிருதுவானது, கதவு மூடும் இடத்திலும் மட்கார்டிலும் சீக்கிரமே நெளிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லேத்துப்பட்டறை:
சரியாகச் சொன்னீர்கள் வாத்தியாரே. அந்த மலைச் சாலையில் தெறிக்கும் கல் ஒன்று போதும், மட்கார்டில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். கனத்தைக் கூட்டினால் நெளியாது, தங்கமும் அதிகம் போகும். நானாக இருந்தால் 3 மில்லிமீட்டர் வைப்பேன்.

கணக்கு_வாத்தியார்:
3 மில்லிமீட்டர் என்றால் 465 கிலோ. பின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிவரும்!

கோடைக்காற்று:
எடை பேச்சு வந்ததால் சொல்கிறேன். படத்தில் இந்த வண்டி இங்கிலாந்தின் சவுத்எண்ட் விமான நிலையத்தில் விமானத்தில் ஏறுகிறது. அந்த விமானமும் அபூர்வம், பெயர் கார்வேர். டக்ளஸ் டிசி-4 விமானத்தை வாங்கி, விமானி அறையைத் தூக்கி மேலே வைத்து, மூக்கைக் கதவாக்கி, கார்கள் நேராக உள்ளே போகும்படி மாற்றினார்கள். மொத்தம் 21தான் செய்தார்கள். கார் பிரியர்கள் அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள். வண்டியின் பக்கவாட்டு முழுவதும் தெரியும்.

வைகைக்கரை:
பித்தன் சார், முன்சக்கரக் கோடு நல்ல வழி. நான் சொன்ன படத்திலும் நிறுத்திப் பார்த்தேன், அங்கே ரேடியேட்டர் சக்கரத்துக்கு நேராகத்தான் நிற்கிறது, பானட்டும் நீளம். கோல்ட்ஃபிங்கர் வண்டி முதலில் யாருடையது? சேஸ் எண் தெரிந்தால் அதுவும் தெரிந்திருக்குமே.

பழவண்டிப்பித்தன்:
லார்ட் ஃபேர்ஹேவன் என்ற பிரபுவுக்காகக் கட்டியது. கேம்பிரிட்ஜ் அருகே ஆங்கில்சி ஆபி என்ற மாளிகை வைத்திருந்தவர். இன்று அந்த மாளிகை, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது, கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போகிறார்கள். சேஸ் எண் இருப்பதில் இதுதான் நன்மை. பாடி கட்டிய பட்டறை, முதல் முதலாளி எல்லாம் அந்த எண்ணின் மேல் ஏடுகளில் பதிவாகியிருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும் எத்தனை தடவையும் மாற்றலாம். நம்பர் பிளேட்டையும் நம்பாதீர்கள். ஏயூ என்பது இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பதிவு எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு ‘நாட்டிங்ஹாம் வண்டி’ என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கதைக்காக மாட்டிய பிளேட்.

படம் வந்து அறுபது ஆண்டு ஆனதற்கு 2024இல் ரோல்ஸ் ராய்ஸே ஒரு வண்டி செய்தது, ‘ஃபேண்டம் கோல்ட்ஃபிங்கர்’ என்று. ஒன்றே ஒன்று. இன்றைய ஃபேண்டத்துக்கு அதே மஞ்சள்-கறுப்பு வர்ணம், உள்ளே 18 காரட் தங்கத்தில் ஒரு சின்னக் கட்டி, டிக்கியில் தங்க முலாம் பூசிய கோல்ஃப் மட்டை. இணையத்தில் ‘கோல்ட்ஃபிங்கர் ரோல்ஸ்’ என்று தேடினால் இப்போது இதன் படங்களும் கலந்து வருகின்றன. தேனித் தம்பி தொகுப்பில் இது நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேனிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. குறிப்பு இப்படி எழுதுகிறேன்: ‘ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டம் III, 1937, சேஸ் 3பியூ168. பாடி: பார்க்கர், செடான்கா டி வில். முதல் உரிமையாளர் லார்ட் ஃபேர்ஹேவன்.’ ‘யெல்லோ ரோல்ஸ் ராய்ஸ்’ வண்டியையும் அடுத்த பக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

கடைசியாக ஒன்று. துண்டின் முடிவில் அதே மலைப்பாதையில் ஒரு பெண் வெள்ளை நிறத் திறந்த கார் ஓட்டி வருகிறார். அது என்ன?

கோடைக்காற்று:
ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிள். 1964 ஏப்ரலில்தான் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது, படம் செப்டம்பரில் வெளியாகிவிட்டது. கிரில் நடுவில் ஓடும் குதிரை, பின்னால் ஒவ்வொரு பக்கமும் செங்குத்தாக மூன்று பட்டை விளக்கு. அதைப் பார்த்தாலே போதும்.